பங்குனி வெயிலும் ரெண்டரை ரூபாய்க் கடிதமும்

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் மதுரையில் குளிர் என்ற பேச்சே கிடையாது. கணக்குப்படி மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம், சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். வெயில் அந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கே மொட்டைமாடித் தரை பாதத்தைச் சுடுகிறது. ஆனாலும் வருஷத்தில் எனக்குப் பிடித்த மாதங்கள் எவை என்று கேட்டால் பங்குனி, சித்திரை என்றுதான் சொல்வேன். வேம்பு பூக்கிறது. தெருமுனைப் புங்கமரம் பழைய இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் பளபளவென்று தளிர் விடுகிறது. தை மாதத்தில் கிட்டே போக முடியாமல் இருந்த மல்லிகை விலை இறங்கி வருகிறது. குயில் விடியுமுன்னே ஆரம்பித்துவிடுகிறது. மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது என்பதால் கைக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆகவேண்டும். எனக்கு அந்த வேலை பூ கட்டுவது, ஒயர் கூடை போடுவது, அப்புறம் அத்தைக்குக் கடிதம் எழுதுவது.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். எழுபதைத் தாண்டியாயிற்று. கையில் போன் உண்டு. அதில் பேசினால், "என்ன மருமவளே, எல்லாரும் சொகமா இருக்கியளா? சரி, வச்சிரட்டா?" அவ்வளவுதான். நிமிஷத்துக்கு இத்தனை ரூபாய் என்று டிரங்க் கால் போட்ட காலத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை. அதே அத்தை ஒரு இன்லேண்ட் லெட்டரைக் கையில் எடுத்தால், முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறிய கதையை மட்டும் அரைப்பக்கம் எழுதுவார். மிச்ச அரைப்பக்கத்தில், அந்தப் பூச்சியைத் தீப்பந்தம் காட்டி விரட்டப்போன பக்கத்து வீட்டுக்காரர் தன் வேட்டியைப் பொசுக்கிக்கொண்ட கதை வரும்.

"போன்ல பேசிட்டா போச்சு, எதுக்கு இந்தக் காலத்துல லெட்டரு?" என்று என்னைக் கேட்காத ஆளில்லை. போன் சேதி சொல்வதற்கு. யாருக்குக் கல்யாணம், யார் ஆஸ்பத்திரியில், யார் வருகிறார்கள் என்பதற்கு. கூப்பிட்டு, மணியடிக்கவைத்து, ஒருவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தவைத்து, "எங்க வீட்டு மல்லிகைல இன்னைக்கு ஒரு மொட்டு ஊதா கலர்ல இருந்துச்சு" என்று சொல்ல முடியுமா? சொன்னால் அந்தப் பக்கம் ஒரு மௌனம் வரும். "சரி... வேற?" என்பார்கள். கடிதத்தில் அந்த "வேற?" கிடையாது. போனில் சொல்லக் கூச்சப்படுகிற அளவுக்குச் சின்ன விஷயங்களுக்குத்தான் கடிதம். அதனால்தான் தோட்டமும் கைவேலையும் நாயும் பூனையும் இருக்கிற வீட்டில் கடிதத்துக்குச் சரக்குப் பஞ்சமே வருவதில்லை.

அந்த ஊதா மொட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாடியில் பெரிய தொட்டிகளில் நான் வைத்திருப்பது குண்டுமல்லி. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அந்தச் செடிக்கு நாற்று பெரும்பாலும் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. கடலோர மணலில் வேர்விட்டு, கட்டுக்கட்டாக வண்டியேறி, மதுரைச் சீமைச் செம்மண்ணுக்கு வந்து பேர் வாங்குகிறது. பிறந்த ஊர் ஒன்று, புகுந்த ஊர் ஒன்று. எங்கள் தெருவில் மல்லிகையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களிடம் இதைச் சொன்னால் "அப்படியா?" என்கிறார்கள்.

மல்லிகைக்கு வேண்டிய முக்கியமான வேலை பங்குனியில் இல்லை, கார்த்திகையில் இருக்கிறது. கவாத்து. தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேலே இருக்கிற கிளையெல்லாம் வெட்டி, நோய் கண்ட குச்சி, காய்ந்த குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பார்க்கிறவர்கள் "அய்யய்யோ, நல்லா இருந்த செடிய மொட்டையடிச்சிட்டீகளே" என்பார்கள். மல்லிகை புதுக்கிளையின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளையைக் கட்டிக்கொண்டு அழுதால் இலைதான் மிஞ்சும். வெட்டி, தொழுவுரம் போட்டு, தண்ணீர் காட்டி விட்டுவிட்டால் மாசிக் கடைசியில் ஒவ்வொரு நுனியிலும் பச்சையாக, அரிசி நொய் அளவில் மொட்டு தெரியும். அப்புறம் சித்திரை, வைகாசி வரைக்கும் ஓயாது.

மொட்டு வெள்ளையாக வராமல் ஊதா தட்டினால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது என்று அர்த்தம். மொட்டைப் பிரித்துப் பார்த்தால் பச்சை நிறத்தில், நூல் கனத்தில் ஒரு புழு இதழையெல்லாம் தின்றுகொண்டு சொகுசாக இருக்கும். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. உச்சிவெயிலில் எண்ணெயைத் தெளித்தால் இலை கருகும். புழு விழுந்த மொட்டைப் பறித்துக் கீழே போடாமல் நசுக்கிவிட வேண்டும். இது எதுவும் பெரிய ரகசியமில்லை. ஆனால் அத்தைக்கு எழுதினால் அவர் பதில் எழுதுவார்: "புழுவுக்கும் மல்லியப்பூ வாசம் புடிக்கும்லா."

பூ கட்டுவதை யாரும் கைவினை என்று சொல்வதில்லை. கண்காட்சியில் ஸ்டால் போடுவதில்லை, சான்றிதழ் வகுப்பு நடத்துவதில்லை. எனக்கென்னவோ நம் ஊரில் இத்தனை பேர் கையில் இருக்கிற நுட்பமான வேலை இதைவிட வேறில்லை என்று தோன்றும். நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மொட்டு தலை இடப்பக்கம், இரண்டு மொட்டு தலை வலப்பக்கம், காம்புகள் நான்கும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று. இடதுகைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் அதை அழுத்திப் பிடித்திருக்க, வலதுகை நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நுனியில் ஒரு கண்ணி போட்டு, அதைக் காம்புகளின்மேல் மாட்டி ஒரு இழுப்பு. அந்த இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகமானால் காம்பு அறுந்து மொட்டு மடியில் விழும். குறைந்தால் தலையில் வைத்த அரைமணியில் பூ ஒவ்வொன்றாக நழுவும். வாழைநாரில் கட்டுகிறவர்கள் நாரை நனைத்துக்கொண்டே கட்டுவார்கள். ஈரநார் பூவை வாடாமல் வைத்திருக்கும், ஆனால் நூலைவிட அது கைக்கு அடங்க நாளாகும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வாசலில் உட்கார்ந்திருக்கும் அக்காமார் விரலைப் பார்க்காமலே, பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டே கட்டுவார்கள். ஒரு நாள் அங்கே போய் அந்தக் கைகளை மட்டும் பாருங்கள்.

மொட்டை மத்தியானமே பறித்துவிட வேண்டும். சாயங்காலம் வரைக்கும் விட்டால் செடியிலேயே விரிந்துவிடும், விரிந்த பூவைக் கட்ட முடியாது. கட்டிய சரத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் ஏழு மணி வாக்கில் துணிக்குள்ளேயே மலரும்.

அடுத்தது ஒயர் கூடை. எங்கள் அம்மா காலத்தில் ஒயர் கூடை போடத் தெரியாத வீடு கிடையாது. ரேஷன் கடைக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு ஒன்று, கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டு கொண்டுபோகச் சின்னதாக ஒன்று. அப்புறம் கேரி பேக் வந்தது, கூடை பரணுக்குப் போனது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், பரணிலிருந்து அது இறங்கியது. பிளாஸ்டிக்கை ஒழிக்கப் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னுகிறோமே என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அம்மா போட்ட ஒரு கூடை முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் வெங்காயம் சுமந்துகொண்டிருக்கிறது. கைப்பிடி மட்டும் இரண்டாவது தடவை மாற்றியது. இதற்குமேல் நான் வாதாடப் போவதில்லை.

ஒயர் வாங்கியதும் கட்டைப் பிரித்துக் கொஞ்சநேரம் வெயிலில் போட்டுவிடுவேன். சூட்டில் ஒயர் இளகி, சுருள் விட்டு, கைக்குச் சொன்னபடி கேட்கும். மார்கழியில் இதே ஒயர் முரண்டு பிடிக்கும். அதனால்தான் கூடை வேலையை வெயில் காலத்துக்கு ஒதுக்கிவைப்பது. அளவு பார்த்து வெட்டுவது ஒரு கணக்கு. குறுக்கே வருகிற ஒயர் எத்தனை, ஓடிக்கொண்டே இருக்கிற ரன்னிங் ஒயர் எந்தக் கலர் என்று முதலிலேயே முடிவாகிவிட வேண்டும். சாதா முடிச்சு எல்லாருக்கும் வரும். அதற்குமேல் பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன்கண் என்று போகும். நெல்லிக்காய் போட்டால் ஒவ்வொரு முடிச்சும் உருண்டு திரண்டு நிற்கும், பார்க்க லட்சணம், ஒயர் ஏகமாகத் தின்னும். சிவன்கண் கூடையில் வெளிச்சம் ஊடாக வரும், காய்கறி அழுகாது. எனக்குச் சிவன்கண்தான் கட்சி.

எந்தக் கூடையானாலும் அடி போடுவதுதான் கண்டம். முதல் வரிசை கோணினால் கூடை தரையில் உட்காராது, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அடி முடிந்து பக்கம் ஏற ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கை தானாகப் போகும்; ரேடியோ கேட்கலாம், நாயைத் திட்டலாம். விளிம்பு மடக்கும்போது மிச்சமான ஒயர் நுனிகளை உள்முடிச்சுகளுக்குள் சொருகி இழுத்து வெட்டுவோம். அந்தத் துண்டுகளை நான் முன்பெல்லாம் குப்பையில் போட்டுவிடுவேன். இப்போது அதற்கு வாடிக்கையாளர் இருக்கிறார்.

எதிர்வீட்டு வேப்பமரத்தில் காக்கை கூடு கட்டுகிறது. சித்திரை காக்கைக்குக் கூடு கட்டும் காலம். காக்கைக்குக் குச்சி மட்டும் போதாது. கம்பி, கயிறு, ஒயர் எது கிடைத்தாலும் கொண்டுபோய்ச் சொருகும். மாடிச் சுவரில் நான் போட்டுவைத்த பச்சை ஒயர் துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு போனது. எடுக்கும் முன்னே ஒவ்வொன்றையும் அலகில் ஆட்டிப் பார்த்தது. சின்னத்துண்டை எறிந்துவிட்டு நீளமானதைத்தான் தூக்கியது. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கருங்குச்சிகளுக்கு நடுவே என் சிவன்கண் கூடையின் பச்சை தெரிகிறது.

அதே மரத்தில் குயிலும் இருக்கிறது. கூவுகிறது ஆண், கறுப்பு உடம்பு, சிவந்த கண். பெட்டைக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி; அதற்குப் பாட்டு வராது, "கிக் கிக் கிக்" என்று ஒரு கத்தல். ஆண் கூவிக் காக்கையின் கவனத்தைத் திருப்ப, பெட்டை நைசாகக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போகும் என்பார்கள். ஆனியில் பாருங்கள், தன்னைவிட வேறு மாதிரியான ஒரு குஞ்சு வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே அலைய, காக்கை பாவம், சோற்றுப்பருக்கையாகக் கொண்டுவந்து ஊட்டும். என் ஒயரில் குயில் பிள்ளை வளரப்போகிறது என்று அத்தைக்கு எழுதினேன். "கூடை கேட்டது நான், குடுத்தது காக்காய்க்கா?" என்று பதில் வந்தது.

கேட்டது உண்மைதான். அத்தைக்கென்று மஞ்சளும் சிவப்பும் கலந்து ஒரு கூடை போட்டிருந்தேன். கைப்பிடி மட்டும்தான் பாக்கி. அதற்குள் வெள்ளச்சி அதில் குட்டி போட்டுவிட்டாள்.

வெள்ளச்சி எங்கள் வீட்டுப் பூனை. எங்கள் வீட்டுப் பூனை என்பது நாங்கள் சொல்லிக்கொள்வது. அவள் மூன்று வீட்டில் சாப்பிடுகிறாள், மூன்று வீட்டிலும் மூன்று பேர். பூனைக்கு வயிற்றில் குட்டி தங்குவது ஏறக்குறைய இரண்டு மாதம். குட்டி பிறக்கும்போது கண்ணும் திறந்திருக்காது, காதும் மடங்கியிருக்கும். கண் திறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் தாயின் சூடும் வாசனையும்தான் அதற்கு உலகம். கூடையில் நான் விரித்திருந்த பழைய சுங்குடித் துணிமேல் நான்கு குட்டி, ஒன்றின் கழுத்தில் ஒன்று தலைவைத்துக் கிடந்தன. சிவன்கண் ஓட்டை வழியாகக் காற்றோட்டமும் நன்றாக இருந்திருக்க வேண்டும். கூடையைத் திரும்பக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பது சொல்வழக்கு. எட்டிப் பார்க்கிற ஆட்கள் அதிகமானால், சத்தம் அதிகமானால், இடம் அசுத்தமானால் தாய்ப்பூனை குட்டியைப் பிடரியில் கவ்வித் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்விடும். அப்படிக் கவ்வினதும் குட்டி காலை மடக்கிக்கொண்டு அசையாமல் தொங்கும். வெள்ளச்சி கூடையிலிருந்து பீரோவுக்குப் பின்னால், அங்கிருந்து மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் கட்டுக்கு நடுவில், அப்புறம் பக்கத்து வீட்டு அம்மி மறைவுக்கு என்று போய்க்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் குட்டிகளின் இப்போதைய முகவரியை அத்தைக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. "ஏழாவது வீடு எதுன்னு எழுது. அதுவரைக்கும் நான் கூடை கேக்கல" என்று தவணை கொடுத்திருக்கிறார்.

பூனை வளர்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன், இது விளையாட்டில்லை. மனிதருக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் பூனைக்கு விஷம். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்து உயிரை வாங்கிவிடாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

கருப்பு வேறு ரகம். தெருவிலிருந்து தானாக வந்து வாசலில் படுத்து, வாசலிலிருந்து திண்ணைக்கும் திண்ணையிலிருந்து கூடத்துக்கும் ஒவ்வொரு மழைக்காலமாக முன்னேறிய நாட்டு நாய். அப்பாவின் தபால்தலை ஆல்பத்தில் ராஜபாளையம் நாய் படம் போட்ட தபால்தலை ஒன்று இருக்கிறது. 2005ல் இந்திய நாயினங்கள் நான்குக்கு அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. பால்வெள்ளை உடம்பு, ராஜ நடை. கருப்புக்கும் அந்தப் படத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் தபால்காரர் வந்தால் கேட்டுக்கு வெளியே போய் வரவேற்கிற நாய் எங்கள் தெருவில் இது ஒன்றுதான். அவர் பையில் கருப்புக்கென்று பொறை பிஸ்கட் வைத்திருப்பதுதான் காரணம் என்பது ஊருக்கே தெரியும்.

வெயில் காலத்தில் நாயின் பாடு கஷ்டம். நமக்கு மாதிரி உடம்பு முழுக்க வேர்த்துச் சூடு தணிகிற வசதி அதற்கில்லை. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். அதில் வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடத்தாதீர்கள். கருப்பு எனக்குச் சொல்லாமலே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. காலையில் நான் சிறுகீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டு உள்ளே வந்ததும், ஈரமண்ணை முன்னங்காலால் பறித்து, வயிறு படும்படி ஒரு பள்ளம் செய்து, அதில் படுத்துவிடும். கீரை போச்சு. பாத்தியைச் சுற்றி முள் வைத்துப் பார்த்தால், முள்ளில்லாத கொத்தவரைப் பக்கம் போகிறது. கடைசியில் வேப்பமர நிழலில் அதற்கென்றே ஒரு முழம் இடத்தில் மணல் கொட்டித் தினம் நனைத்துவைக்கிறேன். இப்போது கீரையும் உண்டு, நாயும் உண்டு.

உண்ணி பெருகுவதும் இந்தக் காலத்தில்தான். காதுக்குள், அக்குளில், கால்விரல் இடுக்கில் தினம் தடவிப் பார்க்க வேண்டும். நாய் சாப்பாட்டைப் பார்த்தும் எழுந்திருக்காமல், ஈறு வெளுத்துக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தம் பார்த்து மருந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும், நாளைக் கடத்தினால் கஷ்டம்.

தோட்டத்தில் மற்றவை பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இந்த வெயிலுக்குத் தக்காளி பூவை உதிர்க்கும். உரம் போதவில்லையோ என்று மேலே மேலே கொட்டாதீர்கள், சூடுதான் காரணம். வெண்டையும் கொத்தவரையும் வெயிலைத் தாங்கும். தொட்டி மண்ணைக் காய்ந்த இலையாலோ தேங்காய் நாராலோ மூடிவிட்டால் தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைகிறது. பெரிய விதைப்பெல்லாம் ஆடிக்குத்தான்.

வேப்பம்பூ இருக்கிறதே, அதற்கு உழைப்பே வேண்டாம். ராத்திரி மரத்தடியைப் பெருக்கி ஒரு பழைய வேட்டியை விரித்துவைத்தால் விடியும்போது வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். காம்பு, இலை பொறுக்கி, வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்தால் வருஷம் முழுக்க ரசத்துக்கு ஆகும். சித்திரை ஒன்றாம் தேதி மாங்காய்ப் பச்சடியில் வெல்லத்தோடு இதையும் நெய்யில் வறுத்துப் போடுவோம். அத்தை வீட்டு முற்றத்திலும் வேம்பு உண்டு. ஆனாலும் மதுரை வேப்பம்பூ வேண்டுமாம். "உங்க ஊர்ப் பூவுக்குக் கசப்பு கூடுதல். மதுரைக்காரிய வாய் மாதிரி" என்று எழுதியிருந்தார். அதை நான் எங்கள் வீட்டில் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

பூ அனுப்புவது என்றால் இன்லேண்ட் சரிப்படாது. இன்லேண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக்கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். கவரில் போட வேண்டும். 20 கிராம் வரைக்கும் ஐந்து ரூபாய் தபால்தலை. காய்ந்த வேப்பம்பூ காற்று மாதிரி கனமே இல்லாதது, ஒரு கைப்பிடி போட்டாலும் எடை ஏறாது. விதையும் இப்படித்தான் எங்களுக்குள் போக்குவரத்து. கீரை விதை, கத்தரி விதை, தக்காளி விதை எல்லாம் மெல்லிசு, ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கடிதத்துக்கு நடுவில் வைத்துவிடலாம். அவரை விதை அப்படி இல்லை. கவர் புடைத்துக்கொண்டு நிற்கும், அதன்மேல் தபால் முத்திரை டமாலென்று விழும். அத்தை அவரை விதையைத் துணியில் ஒற்றை வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு விதைக்கும் நடுவில் தையல் ஓட்டி, மெத்தை மாதிரி தைத்து அனுப்புவார். பிரித்த பிறகு அந்தத் துணியை நான் தூக்கிப்போடுவதில்லை. அவர் கைத்தையல் அவ்வளவு நேராக இருக்கும்.

இந்தியாவில் அஞ்சலட்டை வந்தது 1879 ஜூலை 1ஆம் தேதி. அன்று அதன் விலை கால் அணா. இன்றைக்கு ஐம்பது காசு. ஐம்பது காசுக்கு இன்றைய தேதியில் வேறென்ன கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்காது. அந்த நாணயத்தையே கடையில் வாங்கமாட்டேன் என்கிறார்கள். இன்லேண்ட் லெட்டர் ரெண்டரை ரூபாய். மூன்று மடிப்பு, ஓரத்தில் பசை, வெளிர்நீலம். அத்தையின் கடிதத்தில் மேலே பிள்ளையார் சுழி இருக்கும், அடுத்து ஊர், தேதி, தமிழ் மாதத்தில். "நலம், நலமறிய ஆவல்" என்று ஒரு வரி. அதற்கப்புறம் மரியாதையெல்லாம் முடிந்தது, நேராக விஷயம்தான். இடம் தீர்ந்துபோனால் ஓரத்தில் நெடுக்காக எழுதுவார், மடிப்புக்குள் எழுதுவார், பசை ஒட்டும் இடத்திலும் ஒரு வரி எழுதி ஒட்டிவிடுவார். கிழிக்கும்போது பெரும்பாலும் அந்த வரிதான் போய்விடும். முக்கியமான சேதி எப்போதும் அங்கேதான் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடிதம் எழுதத் தெரியாது என்கிறவர்களுக்கு நம் மொழியில் வாத்தியார்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மு.வ.வின் 'தம்பிக்கு', 'தங்கைக்கு' எல்லாம் பரிசாகக் கொடுப்பார்கள். நல்ல புத்தகங்கள்தான், ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் புத்திமதி. அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்தால் பதில் எழுதப் பயப்படுவேன். கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் வேறு மாதிரி. இரண்டு பேரும் கோவில்பட்டி பக்கம் இடைசெவல்காரர்கள், சின்ன வயசுச் சிநேகிதர்கள். ஒருவர் எழுத்தைப் படித்து இன்னொருவர் வளர்ந்ததைக் கடிதத்திலேயே பார்க்கலாம். வண்ணதாசன் கடிதங்கள் 'எல்லோர்க்கும் அன்புடன்' என்று தொகுப்பாக வந்திருக்கின்றன. சின்ன விஷயத்தைச் சின்னதாகவே சொல்லி நிறுத்தத் தெரிந்தவர் அவர். என் கட்சி எது என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் எழுத்தாளர் கடிதங்களைப் படித்துவிட்டு அதுபோல எழுத உட்காராதீர்கள், பேனா நகராது. மல்லிகையில் என்ன நிறத்தில் மொட்டு வந்தது, நாய் எங்கே படுத்திருக்கிறது, இன்றைக்குக் குழம்பில் உப்பு எப்படி, இப்படி ஆரம்பியுங்கள். கைவேலை எதுவும் வராது என்றால் மாடியிலிருந்து தெரியும் மரத்தைப் பற்றி எழுதுங்கள். அதுவும் இல்லை என்றால் மரம் இல்லை என்று எழுதுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அதற்கே ஒரு பக்கம் பதில் வரும்.

வயசான அத்தை, சித்தி, பெரியப்பா, பள்ளிக்கூட டீச்சர் என்று உங்களுக்கும் யாராவது இருப்பார்கள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள், அவர்களுக்குக் கண் தெரிய வேண்டும். முகவரியில் பின்கோடு ஆறு எண்ணையும் எழுதுங்கள். 1972 ஆகஸ்ட் 15 முதல் அந்த ஏற்பாடு இருக்கிறது, முதல் எண்ணே தபால் எந்த மண்டலத்துக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிடும், நமக்கு 6. தபால் பெட்டியில் எப்போது எடுப்பார்கள் என்று நேரம் எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள். போஸ்டாபீசில் ஒரு இன்லேண்டோடு நிறுத்தாமல் இரண்டாக வாங்கிவிடுங்கள், பதிலுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். இரண்டும் சேர்த்துச் சரியாக ஐந்து ரூபாய், சில்லறைப் பிரச்சினையும் வராது.